பாலை மரம்: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆனி மாதம் பிறந்தால் போதும், எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதி இந்தக் கேள்வியோடுதான் தொடங்கும்: "பாலைப்பழம் வந்திட்டா?" கேட்கிறவர் கொழும்பிலோ டொரொண்டோவிலோ இருப்பார். பழத்தில் தொடங்கிய பேச்சு மெல்ல மரத்துக்கு வரும். வீட்டில் ஒரு பழைய உலக்கை கிடக்கிறது, அது பாலையா? வீடு கட்டுகிறோம், மரம் விற்கிற மரக்காலையில் பாலை இருக்கிறது என்கிறார்கள், நம்பலாமா? வளவில் ஒரு மரம் நிற்கிறது, வெட்டினால் பிடிப்பார்களா?

என் அம்மப்பா ஓடாவி, மரவேலை செய்தவர். நான் தொழில் பழகவில்லை. ஒரு மரக்காலையில் பதினோரு வருடம் கணக்கு எழுதினேன். உளி பிடிக்கத் தெரியாவிட்டாலும், உளி பிடித்தவர்களின் புலம்பலை நிறையக் கேட்டிருக்கிறேன். அந்தத் தகுதியில்தான் இந்தப் பதில்கள்.

பாலை என்ற பெயரில் நாலைந்து மரம் இருக்கிறதே, இது எந்தப் பாலை?

சரியான கேள்வி. வெட்பாலை, ஏழிலைப்பாலை, குடசப்பாலை என்று பல மரங்களுக்கு அந்தப் பெயர் உண்டு. கீறினால் பால் வடியும் என்பதுதான் அவற்றுக்குள் இருக்கிற ஒற்றுமை. மற்றபடி அவை மூன்றும் ஒரு குடும்பம், நமது பாலை வேறு குடும்பம்.

கிழக்கில் வெறுமனே பாலை என்றால் அது பழம் தருகிற பாலைதான். சிங்களத்தில் பலு. தாவரவியலில் மணில்கரா ஹெக்ஸாண்ட்ரா. தமிழ்நாட்டில் உலக்கைப்பாலை என்ற பெயரும் உண்டு. எதற்குப் பயன்பட்டது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. வட இந்தியாவில் கிர்னி என்றும் குஜராத்தில் ராயண் என்றும் அறியப்படுவது இதே மரம்தான். இலுப்பை, மகிழம், சப்போட்டா எல்லாம் இதற்குச் சொந்தக்காரர். அதிலும் சப்போட்டா மிக நெருங்கிய சொந்தம், இரண்டும் ஒரே பேரினம். பாலைப்பழத்தைப் பிட்டு வாயில் போட்டுப் பாருங்கள், உறவு தெரியும்.

சங்க இலக்கியத்தில் வரும் பாலைத் திணை இந்த மரத்தின் பெயரால் வந்ததா?

பாலை என்ற மரத்தின் பெயரால் வந்தது என்பார்கள். அது எந்தப் பாலை என்பதில்தான் அறிஞர்களுக்குள் பிணக்கு. வெட்பாலை என்று சொல்கிறவர்களும் உண்டு, உலக்கைப்பாலை என்று சொல்கிறவர்களும் உண்டு. ஒன்று மட்டும் சொல்லலாம். ஆவணி வெயிலில் புல் பொசுங்கி, குளம் வற்றி, மற்ற மரங்கள் இலை உதிர்த்து நிற்கிறபோதும் நமது பாலை கரும்பச்சையாகவே நிற்கும்.

மரத்தை எப்படி அடையாளம் காண்பது?

இலையைப் பாருங்கள். தடித்த, தோல் போன்ற இலை. மேற்பக்கம் பளபளப்பான கரும்பச்சை, அடிப்பக்கம் வெளிறியிருக்கும். நுனி கூராக இருக்காது, யாரோ நகத்தால் கிள்ளி எடுத்ததுபோல் நடுவில் சிறிய பள்ளம் விழுந்திருக்கும். இலைகள் கிளை நுனியில் கொத்தாக நெருங்கி நிற்கும். பட்டை கருஞ்சாம்பல் நிறம், ஆழமாக வெடித்திருக்கும். கத்தி நுனியால் லேசாகக் கீறினால் வெள்ளைப் பால் கசியும்.

காட்டில் பாலைக்குப் பக்கத்திலேயே நிற்கிற வீரையைப் பார்த்துச் சிலர் குழம்புகிறார்கள். வீரையின் அடிமரம் சுருக்கு விழுந்து, குழியும் மேடுமாக இருக்கும், பழம் சிவப்பு. பாலைப்பழம் மஞ்சள். பழம் இல்லாத காலத்தில் இலை நுனியைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இப்போது எங்கே பார்க்கலாம்?

பாலையும் வீரையும் முதிரையும் சேர்ந்து நிற்பதுதான் நமது உலர்வலயக் காட்டின் அசல் முகம். மட்டக்களப்பில் வாகரைக் காடு, புணானைப் பக்கம், குடும்பிமலை, உன்னிச்சை, உறுகாமம் எல்லாம் பாலை நிற்கிற இடங்கள். அம்பாறையில் லகுகலை தொடங்கி பாணமை, உகந்தை, குமண வரை.

ஊர்ப் பெயர்களிலும் தேடலாம். கிரான் பக்கம் பாலையடித்தோணா, போரதீவுப்பற்றில் பாலையடிவட்டை. பாலையடி என்று தொடங்கும் கோயில்களும் உண்டு. நம் ஊர்களில் மரத்தடி என்பது ஒரு முகவரி. இலுப்படிச்சேனை, கொக்கட்டிச்சோலை என்று அந்தப் பட்டியல் நீளும். பெயர் தந்த மரத்தைத் தேடிப் போனால் பல இடங்களில் இன்று மின்கம்பம்தான் நிற்கிறது.

மரம் குறைந்ததற்குக் காரணம் ஒன்றல்ல. 1949 இல் கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் தொடங்கியபோது பெருங்காடு வெட்டப்பட்டது, மீதியில் ஒரு பெரும் பகுதி சேனநாயக்க சமுத்திரம் என்ற பெருங்குளத்துக்குள் போனது. அப்போது அந்தப் பகுதி பெரும்பாலும் மட்டக்களப்பு மாவட்டம். அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல். அப்புறம் சேனைப் பயிர், செங்கல் சூளைக்கு விறகு, யுத்த காலத்தில் வீதியோரக் காடு வெட்டியது, யுத்தம் முடிந்தபின் காணி பிடித்தது. ஒரே கையைச் சுட்டிக்காட்டுவது நியாயமில்லை.

பழம் எப்போது வரும்? ஏன் சில வருடம் கண்ணிலேயே படுவதில்லை?

வைகாசிக் கடைசியிலிருந்து ஆடி வரை. சந்தையிலும் வீதியோரத்திலும் பெண்கள் சுளகில் குவித்து வைத்து, சுண்டால் அளந்து விற்பார்கள். பழம் வேப்பம்பழம் அளவுதான், மஞ்சள், உள்ளே பளபளவென்று ஒரு விதை. சில நேரம் இரண்டு.

பாலை எல்லா வருடமும் ஒரே மாதிரிக் காய்க்காது. ஒரு வருடம் கிளை தெரியாமல் காய்க்கும், அடுத்த வருடம் கையளவுகூட இருக்காது. பூக்கிற நேரத்தில் மழை பிந்திப் பெய்தாலும் பூ கொட்டிவிடும் என்று காட்டுக்குப் போகிறவர்கள் சொல்வார்கள். ஆகவே போன வருடம் அள்ளி அள்ளித் தின்றோமே என்று இந்த வருடமும் காத்திருக்கக் கூடாது.

முன்பு பழம் மிதமிஞ்சிக் கிடைத்த வருடங்களில் அதைக் காய்ச்சிப் பாணி எடுப்பார்கள். பழத்தைப் பிசைந்து, விதையும் தோலும் போக வடித்து, சாற்றை மெல்லிய நெருப்பில் சுண்டவிட்டால் கருஞ்சிவப்பாகத் தேன் பதத்தில் வரும். அதுதான் பாலைப்பாணி. வெயிலில் உலர்த்தி வைப்பதும் உண்டு. உலர்ந்தால் பால் ஒட்டுவது குறைந்து, முந்திரிகைவற்றல் போல இருக்கும். எனக்குப் பாணியைவிட இதுதான் பிடிக்கும்.

ஒரு வருத்தத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழம் பறிக்க ஏறுகிறவர்களில் பலர் இப்போது பறிப்பதில்லை, கிளையோடு வெட்டி விழுத்துகிறார்கள். கீழே இருந்து உருவி எடுப்பது சுலபம் அல்லவா? ஒரு கிளை மறுபடி அந்த அளவுக்கு வளர எத்தனை வருடம் என்று வெட்டுகிறவருக்கும் தெரியும், வாங்குகிற நமக்கும் தெரியும். கொப்போடு கொண்டுவந்து விற்பவரிடம் நான் வாங்குவதை நிறுத்திவிட்டேன். உதிரியாக, கொஞ்சம் மண்ணோடு இருக்கிற பழம் பெரும்பாலும் மரத்தடியில் பொறுக்கியது. கழுவித் தின்றால் போயிற்று.

பழம் தின்று உதட்டில் ஒட்டிய பாலை எப்படிப் போக்குவது?

தேங்காயெண்ணெய். தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் இன்னும் ஒட்டும். இருபது பழம் தின்றபின் இரண்டு உதடும் ஒட்டிக்கொண்டு, பேச வாய் திறக்க முடியாமல் நின்ற என்னிடம் அம்மம்மா, "இப்பதான் வீடு அமைதியா இருக்கு, கொஞ்சம் பொறுத்து எண்ணெயைப் பூசு மனே" என்றார். தின்பதற்கு முன்பே லேசாக எண்ணெய் தடவிக்கொள்வது கெட்டிக்காரத்தனம். பழத்தைப் பறித்து ஒரு நாள் வைத்துத் தின்றாலும் பால் குறையும்.

பாலை பழுத்தால் கரடி வரும் என்பது உண்மையா?

உண்மைதான். கரடிக்குப் பாலைப்பழம் என்றால் உயிர். யாலையிலும் குமணவிலும் ஆனி, ஆடியில் கரடியைப் பார்க்க ஆட்கள் போவதே இதனால்தான். மற்ற மாதங்களில் கண்ணில் படாத கரடி, இந்தக் காலத்தில் பட்டப்பகலில் மரத்தில் ஏறி இருந்து தின்னும். மயக்கத்தில் கிடப்பதுபோல மரத்தடியில் படுத்திருக்கும். அதன் எச்சத்தில் விதை முழுதாக வெளியே வரும், ஆகவே காட்டில் பாலையை விதைக்கிற கைகளில் கரடியின் கையும் ஒன்று. குரங்கு, மான், இருவாய்க்குருவி எல்லாம் பங்குக்கு வரும். செங்கலடிக்கு மேற்கே கரடியனாறு என்று ஒரு ஊர் இருக்கிறதே, அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பாலை மரம்தான் ஞாபகம் வரும்.

இதில் பகிடி இல்லை. நமது கரடி ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போகிற சாதி அல்ல. திடுக்கிட்டால் முகத்தைத்தான் பிய்க்கும். பழம் பொறுக்கப் போகிறவர்கள் தனியே போகாதீர்கள், பேசிக்கொண்டும் சத்தம் போட்டுக்கொண்டும் போங்கள். மரத்தில் நகம் கீறிய புதுத் தடம் இருந்தால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள்.

கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் பாலைப்பழம் தின்று போவார்களாமே?

உகந்தையில் முருகனைக் கும்பிட்டுவிட்டுக் காட்டுக்குள் இறங்குகிற நேரமும் பாலை பழுக்கிற நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆடிவேல் விழாவுக்கு முன்பு சில நாட்கள் காட்டுப் பாதையைத் திறந்துவிடுவார்கள். கும்புக்கன் ஆற்றைக் கடந்து, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று போகிற வழியில் நிழல் தருகிற மரங்களில் பாலை முக்கியமானது. முதல் தடவை நடந்தபோது எங்கள் கூட்டத்தில் இருந்த ஒரு வயதான அம்மா, விழுந்து கிடந்த பழத்தைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு, ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தபடி நடந்தார். தண்ணீர்ப் போத்தல் காலியான நேரத்தில் அந்த இரண்டு பழத்துக்கு இருந்த ருசி இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

ஆனால் இப்போது அந்த வழி தேசியப் பூங்காவுக்குள் போகிறது. மரத்தில் ஏறுவதும் கொப்பு முறிப்பதும் சட்டப்படி குற்றம். கரடிக்கும் அது சாப்பாட்டு நேரம் என்பதை மறக்க வேண்டாம்.

பாலை மரம் தண்ணீரில் தாழுமா?

தாழும். மரத்தின் நடுவே இருக்கிற வைரத்தில் ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், கல் போல அடியில் போய் உட்காரும். ஒரு கன அடி தண்ணீர் 28 கிலோ சொச்சம். அதே அளவு பாலை அதைவிடப் பாரம். தேக்கு இதில் பாதிக்குச் சற்று மேலேதான் வரும்.

இந்தப் பாரத்தைப் புரிந்துகொண்டால் பாலையின் மற்ற எல்லாக் கதையும் புரியும். ஆற்றில் மிதக்கவிட்டு இறக்க முடியாது, ஆகவே வெட்டிய இடத்திலேயே துண்டு போட்டு வண்டிலில் ஏற்ற வேண்டும். வாளின் பல் சீக்கிரம் மழுங்கும், ஆணி வளையும். காய்ந்தபின் வேலை செய்வது பெரும்பாடு என்பதால் பச்சையாக இருக்கும்போதே முரட்டு வேலையை முடித்துவிடுவார்கள். அதே நேரம் அவசரமாகக் காய்ந்தால் வெடிக்கும். அதனால் வெட்டுமுகத்தில் சாணமும் களிமண்ணும் குழைத்துப் பூசி, நிழலில் மாதக் கணக்கில் போட்டு வைப்பார்கள். தேய்பிறையில் வெட்டினால்தான் பூச்சி விழாது என்பது அம்மப்பாவின் கட்சி. நான் அதற்குச் சாட்சி சொல்ல மாட்டேன். நிழலில் காயவைத்ததற்கு மட்டும் சாட்சி சொல்வேன்.

அந்தக் காலத்தில் பாலையில் என்னென்ன செய்தார்கள்?

முதலில் உலக்கை. பெயரே உலக்கைப்பாலை அல்லவா? உலக்கைக்குப் பாரம் வேண்டும், ஆனால் பருமனாக இருக்கக் கூடாது; பெண்களின் கைக்குள் அடங்க வேண்டும். பாரமில்லாத மரத்தில் உலக்கை செய்தால் இடிக்கிறவர் தன் பலத்தால் குத்த வேண்டும். பாலை உலக்கையைத் தூக்கி விட்டால் போதும், அதுவே வேலையைப் பார்த்துக்கொள்ளும். எங்கள் வீட்டு உலக்கை நாலரை அடி. நடுவில் கை பிடிக்கிற இடம் இரண்டு தலைமுறை வியர்வையில் கறுத்து, எண்ணெய் பூசியது போல மினுங்குகிறது. அடியில் கொல்லர் அடித்த இரும்புப் பூண் மூன்று தடவை மாறிவிட்டது, மரம் மாறவில்லை. பிட்டுக்கு மா இடிக்கும்போது இரண்டு பேர் ஒரே உரலில் மாறி மாறிக் குத்துவார்கள். ஒரு உலக்கை பாலை, மற்றது வேறு மரம் என்றால் தாளம் ஒத்து வராது என்று அம்மம்மா அலுத்துக்கொள்வார். பாலையின் சத்தம் தாழ்ந்து, கனத்து, மண்ணுக்குள் இறங்கும்.

அடுத்தது தூண். மண்ணுக்குள் நிற்க வேண்டிய எதற்கும் பாலைதான். வீட்டுக்கால், கிணற்றடியில் துலாவைத் தாங்குகிற கால், மாட்டுப் பட்டியின் மூலைக்கட்டை, வாய்க்காலுக்குக் குறுக்கே போடுகிற பாலக்கட்டை. வைரத்தைக் கறையான் தொடாது. வெளியே இருக்கிற வெள்ளையைத் தின்றுவிடும். அதனால் வெள்ளையைச் செதுக்கி எறிந்துவிட்டு, மண்ணுக்குள் போகிற பகுதியை நெருப்பில் வாட்டிக் கரியாக்கி நடுவார்கள்.

1978 நவம்பர் 23 சூறாவளியை நம் பக்கத்துப் பெரியவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக் கூரை அன்றிரவு எங்கே போனது என்று இன்று வரை தெரியாது. தென்னை முப்பதுக்கு மேல் சரிந்தது. விடிந்து பார்த்தபோது சுவரும் பாதி கரைந்திருந்தது. ஆறு பாலைத் தூணும் அப்படியே நின்றன. அம்மப்பா ஒவ்வொரு தூணையும் தோளால் தள்ளிப் பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் கிடுகு தேடப் போனாராம். அம்மா சொல்லக் கேட்டது.

வயல் பக்கம் போனால் கலப்பையிலும் வண்டிலிலும் பாரமும் உராய்வும் தாங்க வேண்டிய உறுப்புகளுக்குப் பாலை. ஆனால் நுகத்துக்குப் பாலை வேண்டாம் என்பார்கள். மாட்டின் கழுத்தில் அவ்வளவு பாரத்தை யார் ஏற்றுவது? எண்ணெய்ச் செக்கிலும் பாலைக்கு இடம் இருந்தது. தச்சர்களின் கொட்டாப்புளி பாலையில் செய்தால் ஆயுளுக்கும் போதும்.

அப்புறம் ரயில். மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928 இல். தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற சிலிப்பர்கட்டைக்கு உலர்வலயக் காட்டின் வன்மரங்கள் போயின, அவற்றில் பாலையும் ஒன்று. இப்போது கொங்கிறீட் வந்துவிட்டது. கழற்றிப் போட்ட பழைய சிலிப்பர்கட்டைகள் சில வீட்டுப் படலைகளில் இன்னும் கதவுக்காலாக நிற்கின்றன.

விறகைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முடியாது. பாலை விறகின் தணல் விடிய விடியக் கிடக்கும். ராத்திரி சாம்பலால் மூடிவிட்டால் காலையில் தீப்பெட்டி தேவையில்லை. இவ்வளவு நல்ல மரத்தை எரிப்பதா என்று இன்று கேட்கலாம். அன்று கேட்க ஆளில்லை.

இவ்வளவு உறுதி என்றால் ஏன் அலுமாரி, கட்டில் எல்லாம் முதிரையில் செய்கிறார்கள்?

அலுமாரியை யாராவது தூக்க வேண்டுமே! அது ஒரு பகிடி, ஆனால் பாதி உண்மை. பாலையைப் பலகையாக அரிவதே கஷ்டம். மெல்லிய பலகை வெடிக்கும். செந்தவிட்டு நிறம் அழகுதான், ஆனால் மினுக்கம் இல்லை. முதிரை அப்படியல்ல. சீவினால் பொன் நிறத்தில் பட்டுத்துணி போல மினுங்கும், வாசமும் உண்டு. அதனால்தான் ஆங்கிலேயர் காலத்தில் கப்பல் கப்பலாக ஏற்றிப் போனார்கள். பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 1833 இல் கட்டிய ஒற்றை வளைவுப் பாலம் முழுக்க முதிரை. முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் கடியையும் தடிப்பையும் உண்டாக்கும். ஓடாவிமார் வேலை முடிந்து குளிக்காமல் சாப்பிட உட்காராததற்கு அது ஒரு காரணம்.

கருங்காலி மெருகுக்கு, முதிரை தளபாடத்துக்கு, சமண்டலை படகுக்கும் பீப்பாவுக்கும், பாலை பாரம் தாங்க. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. ஒன்றின் வேலையை மற்றதிடம் கொடுத்தால் மரமும் கெடும், ஆளுக்கும் கெட்ட பெயர்.

மரக்காலையில் பாலை என்று தருகிறார்கள். எப்படிச் சோதிப்பது?

நான் உள்ளே இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். சிவந்த, பாரமான எந்த மரத்தையும் பாலை என்று சொல்லி விற்பது நடக்கிறதுதான். எங்கள் வீட்டுக்கே ஒருமுறை அப்படி இரண்டு கட்டை வந்து, மூன்றாம் மாரியில் அடி உளுத்துப் போனது. கணக்கு எழுதியவன் வீட்டிலேயே இந்தக் கூத்து.

முதலில் ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பேச்சை முடித்துக்கொண்டு வரலாம். தாழ்ந்தால் அது பாலை என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம், தாழ்கிற மரம் வேறும் உண்டு. வெட்டுமுகத்தைக் கண்ணாடித் துண்டால் சுரண்டிவிட்டு ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். பாலையின் வைரம் ஒரே சீரான கருஞ்சிவப்பாக, மிக நெருங்கிய இழையோடு இருக்கும். இரண்டங்குல ஆணி ஒன்றை அடித்துப் பாருங்கள். துளையிடாமல் நேராக இறங்கினால் சந்தேகப்படுங்கள். வெள்ளை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்றும் பாருங்கள், காசு வைரத்துக்குத்தான் கொடுக்கிறீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பு அனுமதிப் பத்திரத்தைக் கேளுங்கள். பத்திரம் இல்லாத பாலை அசல் பாலையாக இருந்தாலும் வேண்டாம்.

என் வளவில் நிற்கிற பாலையை வெட்டலாமா?

காட்டு மரம் என்றால் கேள்விக்கே இடமில்லை. அரச காட்டில் மரம் வெட்டுவது 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டப்படி குற்றம். வெட்டியவருக்குத் தண்டனை, ஏற்றிய வாகனமும் பறிபோகலாம். சரணாலயமும் தேசியப் பூங்காவும் 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள் சட்டத்துக்குள் வரும். அங்கே பழம் பறிக்கவும் முடியாது.

சொந்த வளவு என்றாலும் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் பேசுங்கள், அவர் பிரதேச செயலகத்துக்கு வழி காட்டுவார். வெட்டுவது ஒரு பக்கம், வெட்டிய மரத்தை வீதியில் ஏற்றிக்கொண்டு போவது இன்னொரு பக்கம். வாயால் கிடைத்த சம்மதத்தை நம்பி லொறியில் ஏற்றிவிட்டு, சோதனைச் சாவடியில் ராத்திரி முழுக்க நின்றவர்களை எனக்குத் தெரியும்.

என் அபிப்பிராயம் கேட்டால், கிணற்றையோ கூரையையோ இடிக்காத பாலையை வெட்ட வேண்டாம். உங்கள் ஆயுளில் அதே பருமனில் இன்னொன்று வராது.

மருந்துக்கு ஆகுமா?

பட்டை நல்ல துவர்ப்பு. பல் ஈறு வீங்கினால் பட்டையை அவித்து வாய் கொப்பளிக்கச் சொல்வது நாட்டு வைத்திய வழக்கம். விதையில் எண்ணெய் உண்டு. அதற்கு மேல் நான் சொல்லப் போவதில்லை. அந்த நோய்க்கு ஆகும், இந்த நோய்க்கு ஆகும் என்று கைபேசியில் சுற்றுகிற செய்திகளை நம்பிப் பட்டையை உரித்து மரத்தைக் கொல்லாதீர்கள்.

விதை போட்டு வளர்க்க முடியுமா? எத்தனை வருடத்தில் காய்க்கும்?

முடியும், பொறுமை இருந்தால். நான் மூன்று தடவை போட்டு, முதல் தடவை ஒன்றும் முளைக்கவில்லை. காரணம், விதையைக் காயவைத்து எடுத்து வைத்திருந்தேன். பாலை விதை நாள்பட்டால் முளைக்கும் திறன் போய்விடும். பழம் தின்ற அன்றோ மறுநாளோ விதையைக் கழுவி, சதை ஒட்டாமல் எடுத்து, ஓடு கடினம் என்பதால் ஓரத்தை அரத்தாலோ கரடுமுரடான கல்லிலோ லேசாக உரசிவிட்டு, ஒரு நாள் தண்ணீரில் ஊறவையுங்கள். மணலும் உக்கிய எருவும் கலந்த பையில் அரை அங்குல ஆழத்தில் போடுங்கள். நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது.

ஆனியில் போட்டதை அதே மாரிக்கு நிலத்தில் நடாதீர்கள், கன்று விரல் அளவுதான் இருக்கும். அடுத்த வருட ஐப்பசி மழையோடு நட்டால் வேர் இறங்க நேரம் கிடைக்கும். ஆடு, மாடு இரண்டுக்கும் இளம் இலை பிடிக்கும், ஆகவே கூடு கட்டாமல் நட்டால் நட்டதாகவே கணக்கில்லை. முதல் சில வருடம் கன்று அப்படியே நிற்பதுபோலத் தோன்றும். எனது கன்றுக்கு ஆறு வயது, என் இடுப்புக்கு வருகிறது. விதையிலிருந்து வந்த மரம் காய்க்கப் பல வருடம் எடுக்கும். எத்தனை என்று எனது கன்றுதான் சொல்ல வேண்டும்.

பழம்தான் முக்கியம், அவசரம் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. இந்தியாவில் சப்போட்டாவைப் பாலைக் கன்றின் மேல் ஒட்டுகிறார்கள். அடியில் வறட்சி தாங்கும் பாலை வேர், மேலே சீக்கிரம் காய்க்கும் சப்போட்டா. தண்ணீர் குறைந்த வளவுக்கு அது நல்ல யோசனை. ஆனால் அதில் வருவது பாலைப்பழம் அல்ல.

பழைய வீட்டை இடிக்கிறோம். பாலைத் தூண், உலக்கை எல்லாம் கிடக்கிறது. என்ன செய்வது?

விறகுக்குக் கொடுக்காதீர்கள். ஐம்பது வருடம் காய்ந்த பாலை இனி வெடிக்காது, வளையாது. புதிதாக வெட்டிய எந்தக் கட்டையையும்விட மேல். மண்ணுக்குள் இருந்த அடியை ஒரு முழம் அரிந்துவிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே சிவப்பாக, நேற்று வெட்டியதுபோல இருக்கும். புதிய வீட்டின் விறாந்தைக்குத் தூணாக வைக்கலாம், படிக்கட்டுக்குப் போடலாம். இடித்த வீட்டு மரத்தை வேறு ஊருக்குக் கொண்டு போவதாக இருந்தால் கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மரம் என்று நீங்கள் சொல்வதை வீதியில் மறிப்பவர் நம்ப வேண்டுமே.

எங்கள் வீட்டு ஆறு தூணில் நாலு இப்போது தம்பி வீட்டு விறாந்தையில் நிற்கின்றன. ஒன்றை ஓடாவி ஒருவர் உலக்கையாகக் கடைந்து தந்தார். இரண்டு நாள் வேலை, வாளுக்கு மூன்று தடவை அரம் போட்டார், கூலியைச் சொல்லும்போது என் முகத்தையே பார்க்கவில்லை. ஆறாவது தூண் மாட்டுக் கொட்டிலில் சாய்த்து வைத்திருக்கிறது. யாருக்காவது உண்மையாகவே தேவை என்றால், இரண்டு பேரோடு வாருங்கள். தனி ஆள் தூக்க முடியாது.